எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு நம் குழு எங்கே போகிறது? காற்பந்துச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் பக்கத்து மாவட்ட லீக்கில் நம் குழு அடியில் கிடக்கிறது. ஏன் என்று கேட்டால் பட்டணத்தில் மூன்று பதில்கள் கிடைக்கும். பயிற்றுநர் சரியில்லை, பையன்களுக்கு ரோஷம் இல்லை, முன்னால் நின்று கோல் அடிக்க ஆள் இல்லை. செயலவையும் இந்த மூன்றையும் நம்பித்தான் காரியம் செய்கிறது போலிருக்கிறது. பயிற்றுநரை மாற்றினீர்கள், இடைவேளையில் சத்தம் போட்டீர்கள், வெளியூரிலிருந்து ஆள் பிடித்து வந்தீர்கள். எதுவும் திரும்பவில்லை.

இந்தப் பருவத்தில் வாங்கிய கோல்கள் எந்த நிமிடத்தில் விழுந்தன என்று பாருங்கள். நடுவரின் அறிக்கை உங்கள் கோப்பிலேயே இருக்கும். முதல் பாதியில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. பல ஆட்டங்களில் முதலில் கோல் அடித்ததே நாம்தான். எழுபதாவது நிமிடம் தாண்டியதும் ஆட்டம் கையை விட்டுப் போகிறது. ரோஷம் இல்லாதவன் எழுபது நிமிடம் அப்படி ஓடமாட்டான். ஒன்றும் தெரியாத பயிற்றுநர் என்றால் முதல் பாதியிலேயே வண்டவாளம் தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில் திடலில் நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். எதிரணி கோல் காவலர் பந்தை ஓங்கி உதைக்கிறார். நம் சென்டர் பேக் (நடுத் தற்காப்பாளர்) எம்பித் தலையால் முட்டுகிறார். பந்து பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி விழுகிறது. விழுகிற இடத்தில் நம் ஆள் ஒருவரும் இல்லை. முன்னால் உள்ள மூவர் பந்தைத் துரத்திவிட்டுத் திரும்பி வராமல் நிற்கிறார்கள், பின்னால் உள்ள நால்வர் பயந்து பெனால்டி பகுதிவரை இறங்கிவிட்டார்கள். நடுத்திடலில் மிச்சம் இருப்பவர்களில் ஒருவர் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்கிறார். முதல் பாதியில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே முப்பது, முப்பத்தைந்து மீட்டர்தான் இருக்கும். இப்போது அது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விழுந்த பந்தை எதிரணி எடுக்கிறது. சென்டர் பேக் ஒருவர் முன்னேறி வருகிறார், பக்கத்தில் உள்ள லெஃப்ட் பேக் (இடது தற்காப்பாளர்) அவரோடு சேர்ந்து வரவில்லை, இருவருக்கும் நடுவில் பந்து போகிறது. கோல். உடனே திடல் ஓரத்திலிருந்து லெஃப்ட் பேக்குக்கு அர்ச்சனை நடக்கும். அவர் செய்த தவறு கடைசித் தவறு மட்டும்தான்.

குழு ஏன் இப்படி நீண்டு போகிறது? நம் பையன்கள் வாரம் முழுக்கப் பழகுவது வேறு ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ஆடச் சொல்வது வேறு ஆட்டம்.

செவ்வாயும் வியாழனும் இரவில் ஃபுட்சல் (சிறு தளத்தில் அணிக்கு ஐவர் ஆடும் காற்பந்து) மைதானம் வாடகைக்கு எடுக்கிறீர்கள். லீக் ஆட்டம் இல்லாத ஞாயிறுகளில் செவன் சைட் (அணிக்கு எழுவர்) கிண்ணப் போட்டிக்கு அனுப்புகிறீர்கள். சில வாரங்களில் லீக் ஆட்டத்துக்கு முந்தின நாள்கூட அனுப்பியது உண்டு. இரண்டுமே நல்ல ஆட்டங்கள்தான், அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நாற்பதுக்கு இருபது மீட்டர் ஃபுட்சல் தளம் 800 சதுர மீட்டர். கோல் காவலர்களை விட்டுவிட்டால் எட்டுப் பேர், ஆளுக்கு 100 சதுர மீட்டர். நூறுக்கு அறுபத்து நான்கு மீட்டர் திடல் 6,400 சதுர மீட்டர். இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 320. மூன்று மடங்குக்கும் மேல். ஃபுட்சலில் ஆள் மாற்றுவதற்குக் கணக்கே இல்லை. மூன்று நான்கு நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடிக்கலாம், மூச்சு வந்ததும் திரும்ப இறங்கலாம். செவன் சைட்டில் ஒரு பாதி ஏழு நிமிடம், மிஞ்சினால் பத்து. இப்படிப் பழகிய உடம்பு, ஓடு, நில், மூச்சு வாங்கு, திரும்ப ஓடு என்ற தாளத்துக்கே பழகியிருக்கும். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒருவர் ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடி நடக்க வேண்டும். முதல் இருபது நிமிடம் நம் குழு பறக்கும். பார்க்கிறவர்களும் கைதட்டுவோம். அந்த இருபது நிமிடத்துக்கான விலையைத்தான் கடைசி இருபது நிமிடத்தில் கட்டுகிறோம்.

ஓட்டத்தோடு இது நிற்பதில்லை. ஃபுட்சல் பந்து நான்காம் அளவு, அதிகம் எழும்பாது. அதனால் தலையால் ஆடும் பழக்கம் போய்விட்டது. உள்ளங்காலால் பந்தை அமுக்கி நிறுத்தும் பழக்கம் வந்துவிட்டது, ஈரப் புல்லில் அது வழுக்கும். முப்பது மீட்டர் குறுக்காகப் பந்து போடத் தெரிந்தவர்கள் குழுவில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். கார்னரில் நாம் வாங்கும் கோல்களுக்கும் இதுதான் வேர்.

ஏன் ஃபுட்சலுக்குப் போகிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். திடலில் விளக்கு இல்லை, மழை, பையன்கள் வேலை விட்டு வரவே ஐந்தரை ஆகிவிடுகிறது. செவன் சைட்டில் பரிசு ரொக்கமாகக் கிடைக்கிறது, அந்தக் காசில்தான் ஜெர்சியும் வேன் செலவும் ஓடுகின்றன. எல்லாம் உண்மை. ஆனால் நம் பக்கம் ஏழேகால் மணிவரை வெளிச்சம் இருக்கும், நவம்பரில்தான் ஏழுக்கே மங்கும். ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினால் எழுபத்தைந்து நிமிடம் கிடைக்கும். ஒழுங்காகத் திட்டமிட்டால் அதுவே தாராளம்.

செவ்வாய்க்கிழமை முதல் இருபது நிமிடம் ஃபிஃபாவின் லெவன் பிளஸ் வார்ம் அப். எட்டு நிமிடம் மெதுவோட்டம், பத்து நிமிடம் வலுவும் சமநிலையும், கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம், மொத்தம் பதினைந்து பயிற்சிகள். வாரம் இரண்டு முறை தவறாமல் செய்த குழுக்களில் காயம் கணிசமாகக் குறைந்தது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நம் குழுவில் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும். மண்டியிட்டு, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாயும் பயிற்சி அதில் உண்டு. முதலில் மூன்று முதல் ஐந்து தடவை போதும். வீராப்பாக முதல் நாளே பதினைந்து செய்தால் மூன்று நாளைக்குப் படி ஏற முடியாது, பிறகு அந்தப் பயிற்சியையே வெறுத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு நாற்பதுக்கு முப்பது மீட்டர் கட்டத்தில் நாலுக்கு நாலு ஆட்டம். நான்கு நிமிடம் முழு மூச்சாக, மூன்று நிமிடம் நடந்துகொண்டே ஓய்வு. இப்படி நான்கு சுற்று. பந்து வெளியே போனால் அடுத்த பந்தை உடனே உள்ளே தள்ள ஓரத்தில் ஒருவர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து எடுக்கப் போகும் நேரமே ஓய்வாகிவிடும். நான்கு நிமிடக் கடின ஓட்டம் நான்கு தடவை என்கிற இந்த முறையை நார்வே நாட்டு இளையோர் ஆட்டக்காரர்களிடம் வாரம் இரண்டு நாள், எட்டு வாரம் சோதித்தார்கள். ஆட்டத்தில் அவர்கள் ஓடும் தூரம் நன்றாகக் கூடியதை 2001-இல் வெளியிட்டார்கள். காசு செலவில்லாத மருந்து இது. எட்டு வாரம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் வாரமே பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

வியாழக்கிழமை முழுத்திடலில் வரிசை பழகுவது. பதினொரு பேரும் இடத்தில் நின்று, பயிற்றுநர் பந்தை எங்கே போடுகிறாரோ அங்கே எல்லோரும் சேர்ந்து நகர வேண்டும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் முப்பத்தைந்து மீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தால் விசில். ஓரக் கோட்டில் முப்பத்தைந்து மீட்டருக்கு ஒரு கோன் வைத்துவிட்டால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். களைத்த பிறகு கடைசிப் பத்து நிமிடம் கார்னர் தற்காப்பு. கோல் ஏரியா கோட்டில் மூன்று பேர் இடம் காக்க, கார்னர் பக்கத்துக் கோல் கம்பத்தில் ஒருவர், எதிரணியில் நன்றாக எம்பக்கூடிய மூவருக்கு ஆளுக்கொருவர், பெனால்டி பகுதியின் விளிம்பில் தெறித்து விழும் பந்துக்கு இருவர், முன்னால் ஒருவர். இப்போது பத்துப் பேரும் கோல் வாய்க்குள் அடைந்து நிற்கிறார்கள். கோல் காவலரால் கையைக்கூடத் தூக்க முடிவதில்லை.

கோல் காவலரைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. ஆர். ஆறுமுகத்தைத் தந்த சமூகம் நம்முடையது. ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கூப்பிட்ட அந்த நீண்ட கைகள், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்றபோது கோல் வாயில் இருந்தன. இன்று நம் குழுவின் கோல் காவலர், பயிற்சி முழுக்க மற்றவர்கள் சும்மா உதைக்கும் பந்துகளைப் பொறுக்கிக் கொடுக்கிறார். அவருக்குத் தனியாக இருபது நிமிடம் வேண்டும். கூட்டத்துக்குள் எம்பிப் பந்தைக் குத்தித் தள்ளுவது, முன்னேறி வந்து கோணத்தைக் குறைப்பது, நாற்பது மீட்டர் உதைப்பது. குழுவின் பழைய கோல் காவலர்கள் இரண்டு பேர் பட்டணத்திலேயே இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள், யாரும் கூப்பிடவில்லை.

கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் வேலை பார்க்கும் பையன்கள் வெள்ளி இரவு செகிஞ்சான், சபாக் பெர்ணம் வழியாக மோட்டார் சைக்கிளில் வந்து சேர்கிறார்கள். அவர்களை வாட்ஸ்அப்பில் திட்டிப் பயனில்லை. செவ்வாயும் வியாழனும் இருக்கும் இடத்திலேயே அந்த நான்கு நிமிட ஓட்டம் நான்கு சுற்று ஓடட்டும். சனிக்கிழமை காலை ஏழரைக்கு நாற்பது நிமிடம் நடையாகவே வரிசை பழகினால் போதும். அன்றைக்கு செவன் சைட் வேண்டவே வேண்டாம். பருவம் முடிந்த பிறகு எத்தனை கிண்ணம் வேண்டுமானாலும் ஆடலாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குத்தான் செவன் சைட் உண்மையிலேயே ஏற்றது, சிறிய திடலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அதிகம் கிடைக்கும். அந்தப் போட்டியை நடத்த நம் செயலவைக்கு நேரம் இருப்பதில்லை.

அடுத்து திடல். தெலுக் இந்தானிலிருந்து கடல்வரை நம் பக்கம் முழுக்கக் கடலோரக் களிமண். தென்னைக்கும் செம்பனைக்கும் நல்ல மண், காற்பந்துக்குச் சனியன். மழையில் தண்ணீர் இறங்காது, வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். இரண்டு கோல் வாயும் இப்போது புல் இல்லாத பள்ளம். தற்காப்பாளர் கால் ஊன்றித் திரும்பும் இடமே அதுதான். கடந்த பருவத்தில் அங்கே கொஞ்சம் மணலைக் கொட்டி மண்வெட்டியால் கிளறிவிட்டீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் காய்ந்ததும் சிமெண்டாக இறுகும். அதைத்தான் இப்போது பார்க்கிறோம்.

சரியாகச் செய்வதென்றால் கோல் வாயில் எட்டுக்கு நான்கு மீட்டர் அளவு எடுத்து, பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் களிமண்ணை முழுதாக அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும். அடித்தளத்தைக் கோல் கோட்டுக்குப் பின்பக்கமாகச் சற்றே சரிவாகச் சீவ வேண்டும், நூறு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம் போதும். கோல் கோட்டுக்குப் பின்னால் முப்பது சென்டிமீட்டர் அகலம், நாற்பத்தைந்து ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்டி, துளை போட்ட நான்கு அங்குல பிவிசி குழாய் பதித்து, சுற்றிலும் ஜல்லி நிரப்பி, ஓரத்துப் பெரிய கால்வாயில் கொண்டுபோய் விட வேண்டும். இந்தக் குழாய் இல்லாமல் மணலை மட்டும் நிரப்பினால் களிமண்ணுக்குள் ஒரு தொட்டி கட்டியதாகத்தான் ஆகும். மழை பெய்ததும் மணல் மிதக்கும். அதன் பிறகு கழுவிய ஆற்று மணலைப் போட்டு நிரப்ப வேண்டும். கடல் மணல் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைத் தொடாதீர்கள், உப்பில் புல் கருகிவிடும். மணல் அமுங்கும் என்பதால் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக நிரப்பி, தண்ணீர் விட்டு மிதித்து, மேலே மாட்டுப்புல் பத்தைகளைப் பதிக்கலாம். இரண்டு கோல் வாய்க்கும் சேர்த்து ஏறக்குறைய பதினொரு கன மீட்டர் மணல், பதினேழு பதினெட்டு டன். வேர் பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதுவரை அந்த இடத்தில் யாரும் ஆடக்கூடாது. பயிற்சிக்கு நகர்த்தும் கோல் கம்பங்களைத் திடலின் வேறு மூலைகளில் மாற்றி மாற்றி வையுங்கள், ஆனால் தரையோடு கட்டாயம் கட்டிவிடுங்கள். கட்டாத கம்பம் சாய்ந்து உலகெங்கும் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள்.

புல்லை மாதம் ஒருமுறை தோளில் மாட்டும் இயந்திரத்தால் வெட்டுகிறீர்கள். வெட்டிய வாரம் வழுக்கை, நான்காம் வாரம் கணுக்கால் உயரம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை நான்கு சென்டிமீட்டருக்கு வெட்ட வேண்டும். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் புல் காய்ந்துவிடும். தரையோடு பந்தைத் தட்டி ஆடும் நம் குழுவுக்கு உயரப் புல்லைவிடப் பெரிய எதிரி வேறில்லை. இன்னொன்று, கோயில் திருவிழாவுக்குத் திடலில் பந்தல் போடுவது நமக்கும் சந்தோஷம்தான். பந்தக்கால் பிடுங்கிய குழிகளை மட்டும் மறுநாளே மண் போட்டு இடித்து மூடச் சொல்லுங்கள். கணுக்கால் திரும்பிய நம் நடுத்திடல் ஆட்டக்காரர் அப்படி ஒரு குழியில்தான் கால் வைத்தார்.

பந்துப் பையையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். ஐந்தாம் அளவு, நான்காம் அளவு, ஃபுட்சல் பந்து எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. ஐந்தாம் அளவு ஆட்டப் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை இருக்கலாம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து ‘சரி’ என்கிற பழக்கத்தை விட்டுவிட்டு ஓர் அளவுமானி வாங்குங்கள்.

ஐந்து மணி ஆட்டத்துக்கு நான்கு மணிக்கு ரொட்டி சானாய் பரோட்டாவும் தே தாரேக் தேநீருமாகப் பையன்கள் கடையில் உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்க்கிறோம். எண்ணெயும் மாவும் செரிக்கும் முன்பே விசில் ஊதிவிடும். மதியம் ஒரு மணிக்குச் சோறு, குழம்பு, கோழி, எண்ணெய் குறைவாக. நான்கு மணிக்கு இரண்டு வாழைப்பழம். நம் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போகும். ஐஸ் வாளித் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் சர்க்கரையும் வேண்டும். ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, மட்டமாக அளந்து. கடை பானத்தைவிட மலிவு.

இடைவேளையில் பேசுவது பயிற்றுநர் ஒருவர் மட்டும் என்று தயவுசெய்து தீர்மானம் போடுங்கள். இப்போது தலைவர் ஒன்று சொல்கிறார், பொருளாளர் வேறொன்று சொல்கிறார், வேன் ஓட்டி வந்தவரும் சொல்கிறார். பதினைந்து நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் பையன்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும்.

பயிற்றுநரை மாற்றுவதைப் பற்றி. கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து 2009-இல் லாவோஸில் நடந்த சீ விளையாட்டில் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) தங்கம் வென்ற மலேசிய இளைஞர்களில் பலர், அவர் கையிலேயே அடுத்த ஆண்டு இந்தோனேசியாவை மொத்தக் கணக்கில் 4-2 என்று வென்று தென்கிழக்காசிய நாடுகளின் ஏஎஃப்எஃப் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஆள், ஒரே கூட்டம், தொடர்ந்து பழகிய பழக்கம். ஒரு பருவத்துக்குள் பயிற்றுநரை மாற்றினால் வருகிற ஒவ்வொருவரும் புதிதாக ஒரு வரிசை சொல்லிக் கொடுப்பார். இப்போது இருப்பவரை அடுத்த பருவம் முடியும்வரை விட்டுவையுங்கள். அவரிடம் எங்களுக்கும் ஒரு குறை உண்டு. முன்னால் போய்த் துரத்தும் ஆட்டத்தை இந்த உடல்தகுதியோடு ஆடக்கூடாது. எட்டு வாரம் முடியும்வரை பின்னால் நான்கு, நடுவில் நான்கு, முன்னால் இரண்டு என்று நடுத்திடலில் நின்று ஆடட்டும்.

வெளியாட்களை ஒரு ஞாயிற்றுக்குக் காசு கொடுத்து இறக்குவதும் இதோடு சேர்ந்ததுதான். வியாழக்கிழமை வரிசை பழகாதவர் ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையைக் கெடுப்பார், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரி. அந்தக் காசு மணலுக்கும் குழாய்க்கும் போகட்டும். நம் பிள்ளைகள் ஏறிப்போக மேலே இருந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி குழு 2022 பருவத்தோடு மலேசிய லீக்கிலிருந்து விலகிவிட்டது. கீழே இருக்கும் நம்மைப் போன்ற குழுக்களாவது நிற்க வேண்டும்.

செயலவையின் அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயங்களுக்கு எங்களுக்குப் பதில் வேண்டும். பருவம் முடியும்வரை செவன் சைட் நிறுத்தப்படுமா, செவ்வாய் வியாழன் பயிற்சி திடலுக்குத் திரும்புமா, கோல் வாய் வேலை எப்போது. மூன்றாவதுக்கு நாள் குறித்துவிடுங்கள். அக்டோபர் மழை பிடிப்பதற்குள் புல் வேர் விட வேண்டுமென்றால் ஜூலைக்குள் மணல் வந்து இறங்கியாக வேண்டும். களிமண் அள்ள ஆள் கூலி கொடுக்க வேண்டாம். மண்வெட்டியும் தள்ளுவண்டியும் எங்களிடம் இருக்கின்றன, இரண்டு ஞாயிறு காலை போதும். மணலுக்கும் குழாய்க்கும் மட்டும் செயலவை பொறுப்பேற்றால் சரி.

இப்படிக்கு,
திடல் ஓரத்து ரசிகர்கள்